காப்பாற்றப்பட வேண்டியவர்கள் என்று மட்டும் எங்களைப் பார்க்காதீர்கள்

ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளில் பேரிடர் பற்றிப் பேச்செடுத்தாலே கூட்டம் சீக்கிரம் கலைந்துவிடும். "அதெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்" என்பார் ஒருவர். "போன் போட்டால் தீயணைப்பு வண்டி வந்துவிடப் போகிறது" என்பார் இன்னொருவர். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளோ, "அப்பா, இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று அக்கறையோடு அடக்கிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பேரிடருக்குத் தயாராகும் இந்த வேலையை எங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை. நானும் அப்படியொரு குடியிருப்பில் பேரிடர் உதவிக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய பேரிடர் என்றால் முதல் சில மணி நேரம் வெளியிலிருந்து யாரும் வராமல் போகலாம். அவர்கள் மீது குறை சொல்ல முடியாது. ஊரே ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எத்தனை வண்டிதான் இருக்கும்? 1995-ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில், இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீண்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். 1985-ல் மெக்சிகோ நகரத்திலும் அதே கதை. பயிற்சி எதுவும் இல்லாத பொதுமக்கள் சுமார் 800 பேரைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த முயற்சியில் அவர்களிலேயே ஏறக்குறைய 100 பேர் இறந்தும் போனார்கள். எனக்கு இந்த இரண்டாவது எண்தான் மனதில் நிற்கிறது. மக்கள் எப்படியும் உதவிக்கு ஓடத்தான் செய்வார்கள், ஓடுகிறவர்களுக்குப் பயிற்சியாவது கொடுப்போம் என்று லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை சாதாரணக் குடிமக்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1993 முதல் அந்தப் பயிற்சி அமெரிக்கா முழுவதற்கும் கிடைத்தது. கேஸ் வாடை வந்தால் எதைத் தொடக் கூடாது, எந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவே கூடாது, ரத்தம் கொட்டினால் எங்கே அழுத்த வேண்டும், இதெல்லாம் எழுபது வயதில் படிக்க முடியாத பாடமா என்ன?

அப்புறம், வயதானவர்களுக்குப் பேரிடர் என்பது புயல் கரையைக் கடந்ததோடு முடிந்துவிடுவதில்லை. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃப்ளோரிடாவைத் தாக்கியது. ஹாலிவுட் என்ற ஊரில் இருந்த முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஏசிக்கு மின்சாரம் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பழுதானது. கட்டடம் நின்றது, ஆட்கள் இருந்தார்கள், புயலும் போய்விட்டது. உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. 12 முதியவர்கள் இறந்தார்கள். மின்சாரமும் குளிர்ச்சியும் இருந்த ஒரு பெரிய மருத்துவமனை சாலைக்கு எதிர்ப்புறத்திலேயே இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. அங்கே தேவைப்பட்டது படகும் ஹெலிகாப்டரும் அல்ல. ஒவ்வொரு அறையாகப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இது தாங்காது, இப்போதே எதிர்ப்பக்கம் கொண்டுபோவோம்" என்று சொல்லும் ஆட்கள். 2003-ல் பிரான்ஸில் வெப்ப அலை சுமார் 15,000 பேரைக் கொண்டுபோனது. அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள்தான்.

அதனால்தான் எங்கள் குழுவில் நாங்கள் முதலில் எடுத்த வேலை பதிவேடு. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறோம். கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஆனால் மானத்தோடு வாழ்ந்த மனிதர்கள் தங்களுக்கு உதவி வேண்டும் என்று லேசில் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் மாடியில் ஓர் அம்மா. "எனக்கு ஒன்றும் வேண்டாம்ப்பா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசினார். உள்ளே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், அதாவது மூச்சுக்கு ஆக்சிஜன் தரும் மின்கருவி, ஓடுகிற சத்தம் கேட்டது. அதன் குழாய் தரையோரமாகக் கட்டில்வரை போயிருந்தது. "கரண்ட் போனால் என்னம்மா செய்வீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "சிலிண்டர் ஒன்று இருக்கிறது. அதைத் திறக்கத்தான் என் கையில் வலு இல்லை" என்றார். மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிப் போயிருந்தன. இப்போது அந்த சிலிண்டரின் கழுத்திலேயே ஸ்பேனரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு ஐயாவுக்கு அதைத் திறக்கவும் அளவை வைக்கவும் சொல்லிக் கொடுத்து, செய்து காட்டச் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் வாக்கர் பிடித்து நடப்பவர். யாரையும் தூக்க முடியாது. ஆனால் மின்சாரம் போன இரவில் அந்த அம்மாவுக்கு அவர்தான் வேண்டும்.

உடம்பில் பலம் இருந்தால்தான் தன்னார்வலராக முடியும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். நாற்காலியை விட்டு எழ முடியாதவர், வரிசையாகப் பத்து வீட்டுக்குப் போன் செய்து நலம் கேட்கலாம். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் பெரும்பாலும் வாரம் மூன்று முறை போக வேண்டும், சாலை துண்டிக்கப்பட்டால் வேறு எங்கே போவது என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். பெரும்பாலான இன்சுலின் வகைகள், திறந்த பிறகு ஏறக்குறைய நான்கு வாரம் ஃப்ரிட்ஜுக்கு வெளியேயும் தாங்கும், அதிகச் சூடு மட்டும் படக் கூடாது. இது தெரியாமல், கரண்ட் போனதும் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

செவிக்கருவி விஷயமும் உண்டு. படுக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். வழக்கமான தீ அலாரத்தின் கீச்சென்ற ஒலி, வயதான காதுக்குச் சரியாக எட்டாத வகை. 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி தூங்குபவர்களை இன்னும் நன்றாக எழுப்புகிறது, அந்த வகை அலாரங்களும் கிடைக்கின்றன. படுக்கையை அதிரவைத்து எழுப்பும் கருவிகளும் உண்டு. இவை இல்லாத வீட்டுக் கதவை யார் தட்டுவது, சாவி யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் இருக்க வேண்டும்.

பதிவேடு காகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். போனில் சார்ஜ் போனால் அதில் உள்ள பட்டியல் யாருக்கும் பயன்படாது. அந்தரங்கத் தகவல் என்பதால் உறையிலிட்டு மாடிக்கு ஒருவர் பொறுப்பில் வைத்திருக்கிறோம். சிலர் இதற்கும் சம்மதிக்கவில்லை, அது அவர்கள் உரிமை. அந்தக் கதவுகளையும் தட்டத்தான் போகிறோம்.

எல்லோரையும் உடனே வண்டியில் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2011-ல் ஃபுகுஷிமா அணுஉலை விபத்தின்போது அவசரமாக இடம் மாற்றப்பட்ட வயதான நோயாளிகள் பலர் வழியிலும், போய்ச் சேர்ந்த இடத்திலும் இறந்தார்கள். நீண்ட பேருந்துப் பயணம், மருந்தும் கவனிப்பும் அறுந்துபோனது, உடன் வந்தவர்களுக்கு இவருக்கு என்ன நோய் என்றே தெரியாதது என்று பல காரணங்கள். தீயோ வெள்ளமோ வாசலுக்கு வந்தால் வெளியேறித்தான் ஆக வேண்டும். மற்ற நேரங்களில் யாரை நகர்த்துவது, யாரை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்திருப்பது என்று முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். நினைவு மங்கியவர் என்றால், அவருக்குப் பழகிய முகம் ஒன்று கூடவே போக வேண்டும். அந்த முகமும் எங்களில் ஒருவருடையதுதான்.

அவசரப் பையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தண்ணீர், மருந்து, டார்ச், மாற்றுக் கண்ணாடி, சரி. வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. ஒத்திகையைப் பகல் பதினோரு மணிக்கு, எல்லா ஊழியரும் இருக்கும்போது வைக்காதீர்கள். இரவில் வையுங்கள். இரவுப் பணியில் எத்தனை பேர், ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும், மாடிப்படியில் ஆளை இறக்கும் நாற்காலி எங்கே பூட்டியிருக்கிறது, அந்தச் சாவி யாரிடம் என்பதையெல்லாம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். எங்களில் வாழ்நாள் முழுக்க எஞ்சினோடும் மின்சாரத்தோடும் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வந்து பார்த்து, கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம்.