அந்த மரக்கறித் துண்டையும் அளவுங்கள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் காணி உரிமை என்று யார் பேசினாலும், பேச்சு 7 பேர்ச்சில் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) தொடங்கி 10 பேர்ச்சில் முடிந்துவிடுகிறது. அதாவது வீடு கட்ட மட்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் நாங்கள் தலைமுறையாகக் கொத்தும் மரக்கறித் துண்டு யாருடையது?

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் எங்களுக்கு அப்படி ஒரு துண்டு இருக்கிறது. கால் ஏக்கர்கூடத் தேறாது. தேயிலை பிடிக்காத பாறைச் சரிவென்று தோட்டத் துரைமார் கைவிட்ட இடம். என் பூட்டன் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு)ப் போன நேரம் போக மிச்ச நேரத்தில் அலவாங்கால் கல் பெயர்த்து, அதே கல்லால் படிப்படியாகக் கட்டு வைத்தார். இன்றும் மழைக்கு மண் ஓடாமல் நிற்பது அந்தக் கட்டால்தான்.

1948 குடியுரிமைச் சட்டத்தால் தாத்தாவுக்கு நாடில்லாமல் போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இரண்டு அரசுகளும் தலைகளைப் பிரித்துக்கொண்டன. சின்னத் தாத்தா தமிழ்நாட்டின் கோத்தகிரிக்குக் கிளம்பும்முன், மாரியம்மன் கோயிலடியில் நாலு பேர் முன்னிலையில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தார். நாடே இல்லாத இருவர், உறுதிப் பத்திரமே இல்லாத காணியைப் பாகம் பிரித்திருக்கிறார்கள்! ஒரு சண்டை வந்ததில்லை. (உறுதியுள்ள குடும்பங்கள் நீதிமன்றத்தில் கிடப்பதை நினைத்துக்கொள்கிறேன்.)

1974 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தபோது, அந்தத் துண்டில் விளைந்த கிழங்குதான் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. அடுத்த வருடம் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. எங்களை யாரும் கேட்கவில்லை. அப்பா கரட்டும் லீக்ஸும் மாற்றி மாற்றிப் போட்டார். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது, பட்டியில் மாடு இருந்ததால் ஏதோ தப்பினோம். உறுதி இல்லாததால் வங்கிக் கடன் மட்டும் இன்றுவரை கிடைத்ததில்லை.

சரிவில் மரக்கறி போட்டால் மண் அரிக்கும், அதனால் காணி தரக்கூடாது என்கிறார்கள் சிலர். மண் அரிப்பது உண்மைதான். ஆனால் நாளைக்கே தோட்ட நிர்வாகம் "துண்டைக் கொடு, தேயிலைக் கன்று நட வேண்டும்" என்று கேட்கக்கூடிய நிலத்தில் எவன் முதுகொடிந்து கல்கட்டு வைப்பான்? சொந்தம் என்று எழுதிக்கொடுத்துப் பாருங்கள், அரிப்பைத் தடுக்கும் கவலை தானாக வரும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. துண்டு ஆண்பிள்ளைகளுக்கென்றே கைமாறி வருகிறது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து லீக்ஸுக்கு மண் அணைத்தது என் அத்தை. அவருடைய பெயர் எந்தப் பேச்சிலும் வருவதில்லை.

ஆகவே அளக்க வருகிறவர்கள் லயத்து வாசலோடு திரும்பிவிடாமல், பின்னால் கல்கட்டு முடியும்வரை சங்கிலி பிடிக்கட்டும். உறுதி எழுதும் நாளில் முதல் பெயராக அத்தையின் பெயரை எழுதச் சொல்வேன். அண்ணன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும்.