ஜார் மன்னரை வீழ்த்தியது லெனின் அல்ல

“1917இல் லெனின் ஜார் மன்னரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தார்” என்ற செய்தி திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. இது தவறு.

இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தது மார்ச் 15 அன்று. அப்போது லெனின் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார். மன்னராட்சியை முடித்துவைத்தது தலைநகர் பெத்ரோகிராடில் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த பெண்களும், அவர்களைச் சுட மறுத்த சிப்பாய்களும்தான். அந்த மக்களின் பங்கை ஒரே வரியில் அழித்துவிடுவது பெரிய அநீதி.

லெனின் தரப்பு நவம்பரில் கவிழ்த்தது, மன்னர் முடி துறந்தபின் அமைந்த இடைக்கால அரசை. தொடக்கத்தில் அதை மக்கள் நம்பிக்கையோடு வரவேற்றார்கள். அந்த நம்பிக்கையை முதலில் தின்றது முதல் உலகப் போர். மே மாதத் தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சர் மில்யுகோவ், போரைத் தொடர்வோம் என நேச நாடுகளுக்கு உறுதியளித்தார். தலைநகரில் கிளர்ச்சி வெடிக்க, பதவி விலகினார். ஆனாலும் அரசு பாடம் கற்கவில்லை. கோடையில் போர் அமைச்சர் கெரென்ஸ்கி தொடங்கிய தாக்குதல் படுதோல்வி கண்டது. போர்முனையில் மரண தண்டனை மீண்டும் வந்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் விவசாயிகள். ஊரில் விவசாயிகள் தாங்களாகவே நிலத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டவன் பதுங்குகுழியில் எதற்காகச் சாக வேண்டும்? அரசோ நிலச் சீர்திருத்தத்தை அரசியல் நிர்ணய சபைக்கென்று ஒத்திவைத்தது. அந்தச் சபைக்கான தேர்தலும் தள்ளிப்போனது.

பிறகு ராணுவத் தலைமைத் தளபதி கோர்னிலோவ் படையைத் தலைநகருக்கு அனுப்பினார். அவரைத் தடுக்கத் தொழிலாளர்களுக்கு ஆயுதம் தர வேண்டியதாயிற்று. நவம்பர் 7 அன்று, அதற்குள் பிரதமராகியிருந்த கெரென்ஸ்கி காரில் நகரைவிட்டு வெளியேறியபோது, அரசு இயங்கிய குளிர்கால அரண்மனையில் காவலுக்கு இருந்தவர்கள் ராணுவப் பயிற்சி மாணவர்கள், கோசாக் படைவீரர்கள் சிலர், பெண்கள் படைப்பிரிவினர். அரசைக் காக்க வேறு படை வரவில்லை.