ஹார்மனி ஓஎஸ் 5 வெறும் ஆண்ட்ராய்டுதானா?

சீன நிறுவனமான ஹுவாவேயின் கைபேசி இயங்குதளமான ஹார்மனி ஓஎஸ் 5, பெயர் மாற்றப்பட்ட ஆண்ட்ராய்டே என்ற செய்தி பரவலாகப் பகிரப்படுகிறது. இது தவறு, ஆனால் வேரில்லாமல் முளைத்த தவறன்று.

2019 ஆகஸ்டில் ஹார்மனி அறிவிக்கப்பட்ட பின், கைபேசிகளுக்கு வந்த 2 முதல் 4 வரையிலான பதிப்புகளில் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல் இருந்தது. அதனால்தான் ஆண்ட்ராய்டு செயலிகள் அவற்றில் நேரடியாக இயங்கின. அப்பதிப்புகளைப் பற்றிய விமர்சனம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

2024 அக்டோபர் 22 அன்று சீனாவில் வெளியான ஐந்தாம் பதிப்பு அந்த மூலநிரலை நீக்கி, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், லினக்ஸ் கெர்னலுக்குப் பதிலாக ஹுவாவேயின் சொந்தக் கெர்னல்மீது அமைந்தது. ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவப் பயன்படும் ஏபிகே கோப்புகளை அது நேரடியாக ஏற்பதில்லை. செயலிகளை அதற்கெனத் தனியாக எழுத வேண்டும். சில ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடுவதைக் காட்டும் காணொளிகளை ஆதாரமாகக் கொள்ள முடியாது, ஏனெனில் அவை தனியாக நிறுவப்படும் ஒரு கருவிக்குள், மூடிய சூழலில் இயங்குபவை.

சீனாவுக்கு வெளியே அந்நிறுவனம் விற்ற கைபேசிகளில் இருப்பது ஆண்ட்ராய்டு சார்ந்த இஎம்யுஐ என்ற ஹுவாவே மென்பொருள் என்பதால், அவற்றைச் சோதித்துவிட்டு ஹார்மனி 5-ஐ மதிப்பிடுவதும் பிழையே.