பட்டியல் போடுவதற்கு முன் மணி என்ன என்று பாருங்கள்

எந்த ஊர்ச் சாப்பாடு சிறந்தது என்ற வாக்குவாதம் தொடங்கிவிட்டால், சென்னைக்காரர்கள் உணவகங்களின் எண்ணிக்கையையும், மதுரைக்காரர்கள் கறிதோசையையும், கோவைக்காரர்கள் அன்னபூர்ணா சாம்பாரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் மட்டும், 2019-இல் யுனெஸ்கோ தம் ஊரை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்ததை நினைவூட்டிவிட்டு, இனிப் பேச என்ன இருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்கிறார். நான் பதினாறு ஆண்டுகளாகச் சென்னையில் பிழைப்பவன்; ஆனாலும் என் வாக்கு மதுரைக்குத்தான். பிறந்த ஊர்ப் பாசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் நான் பிறந்தது தஞ்சாவூரில்.

சென்னையின் வளத்தை மறுப்பவன் அல்லன் நான். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டத்தை, பாரிமுனைப் பக்கம் வாழைத்தண்டு சூப்போடு நின்றபடியே சாப்பிடலாம். சௌகார்பேட்டைக்குள் நுழைந்தால் கச்சோரியும் ஜிலேபியும் கிடைக்கும். 1948 முதல் இயங்கிவரும் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில், இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றிவிட்டு, அது குறைந்ததும் மறுபடி ஊற்ற ஆள் வருவார். வகைகளை எண்ணித்தான் தீர்ப்பு என்றால் போட்டியே இல்லை, சென்னை வென்றுவிடும். ஆனால் வகைகளின் எண்ணிக்கை வசதியுள்ளவனின் அளவுகோல் என்பது என் எண்ணம். வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு, முன்பதிவு செய்த மேசைக்குப் போகிறவருக்கு எல்லாப் பெருநகரங்களும் நல்ல ஊர்கள்தான்.

நான் கேட்கும் கேள்வி வேறு. இரவு பதினொன்றரை மணிக்குப் பேருந்திலிருந்து பசியோடு இறங்கும் ஒருவர், ஆட்டோ பிடிக்காமல், நடக்கும் தூரத்துக்குள், சூடாக, சுவையாக, கையிருப்புக்குள் சாப்பிட முடிகிறதா? இந்தக் கேள்விக்கு மதுரை சொல்லும் பதிலை நான் அறிந்த வேறெந்த ஊரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அங்கே கிடைப்பது மீந்துபோன பண்டம் அன்று; துணி விரித்து வேகவைத்த இட்லியைத் தட்டிலிருந்து எடுத்து வாழை இலையில் வைத்து, மூன்று நான்கு வகைச் சட்னியைச் சுற்றி ஊற்றி, காரம் போதுமா என்று வேறு கேட்பார்கள். பக்கத்துக் கடையில் கொத்துப் பரோட்டாவின் தாளம் கேட்டுக்கொண்டிருக்கும். (அந்தச் சத்தத்துக்கு நடுவே கைப்பேசியில் பேச முயல்வோரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டதுண்டு.)

கறிதோசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைத் தோசை என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். கல்லில் ஊத்தப்பம்போலக் கனமாக மாவை ஊற்றி, அது பாதி வேகும்போது முட்டையை உடைத்துப் பரப்பி, அதன் மேல் ஏற்கெனவே மசாலாவில் சுருள வதக்கிய கொத்துக்கறியை அள்ளிப்போட்டு, திருப்பிப்போட்டுத் தோசைத்திருப்பியால் அழுத்துவார்கள். கறிப்பக்கம் கல்லில் பட்டு ஓரம் கருகும் அந்த அரை நிமிடத்தில்தான் சமையற்காரரின் கைப்பக்குவம் தெரியும். முன்னதாக எடுத்தால் கறி உதிர்ந்துவிடும், தாமதித்தால் முட்டை ரப்பராகிவிடும்.

மதுரைக்கு மட்டும் இது எப்படி வாய்த்தது? என் கணிப்பு எளியது: இரவில் உழைப்பவர்களுக்காகச் சமைத்துப் பழகிய ஊர் அது. ஹார்வி மில் ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளர்கள், சந்தைகளில் மூட்டை இறக்கும் சுமைதூக்கிகள், விடியலுக்கு முன்பே மல்லிகையோடு வந்துசேரும் பூக்காரர்கள், தென்மாவட்டங்களுக்குப் பேருந்து மாறும் பயணிகள் ஆகியோர்தாம் அந்தக் கடைகளை வளர்த்தவர்கள். தினமும் வரும் வாடிக்கையாளரை ஒரு நாள்கூட ஏமாற்ற முடியாது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவரை ஒரு முறை ஏமாற்றலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறந்துவைக்கத் தமிழக அரசு 2019-இல் அனுமதி தந்தபோது பலர் அதைப் புதுமையாகப் பேசினார்கள். நான்கு பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு தள்ளுவண்டி அந்த ஆணையின் கணக்கிலேயே வராது. ஆனால் தூங்கா நகரம் என்ற பெயரைக் காப்பாற்றி வந்தவை அத்தகைய வண்டிகள்தாம்.

குறைகளும் உண்டு. எண்ணெய் தாராளம், காய்கறி என்பது பெரும்பாலும் வெங்காயத்தோடு நின்றுவிடும், மூன்று நாள் தொடர்ந்து தங்கினால் வயிறு மோரும் சாதமும் கேட்டுக் கெஞ்சும். ஜிகர்தண்டாவையும் நான் ஊரார் அளவுக்குக் கொண்டாடுவதில்லை. சுண்டிய பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் சேர்ந்ததே போதும், அதன் மேல் இன்னும் ஐஸ்கிரீம் எதற்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை. காபி என்று பேச்சு வந்தால் மட்டும் கும்பகோணத்தின் பக்கம் சாய்ந்துவிடுவேன். அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.