வளவுல கல்யாணம், ஃப்ரேம்ல செல்போன்

காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீட்ல கல்யாண போட்டோ எடுக்குறதுன்னா ஆசையா தான் கிளம்புவேன், பர்மா தேக்கு தூணு, ஆத்தங்குடி டைல்ஸு, அதெல்லாம் மண்டபத்துல கெடைக்குமா! ஆனா வளவுல, அதான் வீட்டு நடுவுல இருக்குற திறந்த முத்தத்துல, உச்சி வெயில் அப்படியே கொட்டும், நாலடி தள்ளி தாழ்வாரத்துல இருட்டு, மாப்ள வேட்டி வெளுத்து போகுதேன்னு எக்ஸ்போஷர கொறச்சா நிழல்ல நிக்கிற பொண்ணு முகம் கருத்துடுது. சரி, அதையாவது எடிட்டிங்ல பாத்துக்கலாம்.

திருப்பூட்டுற நேரத்துல, அதான் தாலி கட்டுற நேரத்துல, ஒரு சித்தப்பா குறுக்க வந்து செல்போன தூக்கி நீட்டுனாரு பாருங்க, அவரு மோதிர வெரலும் வீடியோ கால்ல யாரோ ஒருத்தரோட நெத்தியும் தான் என் ஃப்ரேம்ல இருக்கு. பொண்ணு கழுத்த காணோம்.

இப்ப அவரே தான் போன் பண்ணி, "தம்பி, திருப்பூட்டு போட்டோ கிளியரா ஒண்ணு அனுப்புங்க"ங்குறாரு.