பின்னைத் திருப்பிப் பாருங்கள்

லீவுக்கு ஊர் வரும் சபுராளிகளின், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின், பெட்டியில் இப்போது சாக்லேட், சென்ட்டோடு டிஸ்னி பின்களும், அதாவது மிக்கி மவுஸ் போன்ற உருவங்கள் போட்ட, குத்திக்கொள்ளும் உலோக வில்லைகளும் வருகின்றன. கடலோரக் கீழக்கரை, தொண்டிப் பிள்ளைகள் அவற்றைப் பள்ளிப் பையில் வரிசையாகக் குத்திக்கொள்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வாங்கும்போதும் சரி, மாற்றும்போதும் சரி, எல்லோரும் மிக்கியின் முகத்தையே பார்க்கிறார்கள். இது போலியா, மாற்றத் தகுமா, நம்ம ஊர்க் காற்றில் நிற்குமா? மூன்றுக்கும் விடை முதுகுப் பக்கம் இருக்கிறது.

முதலில் மாற்றும் முறை. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1999 அக்டோபரில், புத்தாயிரக் கொண்டாட்டத்தை ஒட்டித் தொடங்கிய பழக்கம் இது. பூங்கா ஊழியர் கழுத்தில் பின் குத்திய பட்டி, அதாவது லான்யார்டு, தொங்கும். உங்கள் பின்னைக் கொடுத்து அதிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்று, பணம் கைமாறக் கூடாது. ஒரே ஊழியரிடம் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் கேட்க முடியாது. பின் உலோகமாக இருக்க வேண்டும், முதுகில் டிஸ்னி காப்புரிமை (©) முத்திரை வேண்டும், ஊசி முனை மூடியோடு நீட்ட வேண்டும். அவர் பட்டியில் ஏற்கெனவே இருக்கும் பின் செல்லாது. அவர் பட்டியை நீங்களாகத் தொடவும் கூடாது. விரலால் காட்டினால் அவரே கழற்றித் தருவார். டோக்கியோ டிஸ்னியில் இந்த மாற்று கிடையாது. ஜப்பான் போகிறவர் கையில் பின்னைத் திணித்து, ‘மாத்திட்டு வாங்க காக்கா (அண்ணா)’ என்று அனுப்புவதில் பயனில்லை.

இப்போது போலி விஷயம். ஆன்லைனில் ஐம்பது, நூறு என்று மொத்தமாக, ஒன்று ஒரு டாலருக்கும் குறைவாக விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை சேகரிப்பாளர்கள் ‘ஸ்க்ராப்பர்’ என்று ஒதுக்கும் போலிச் சரக்கு. பூங்காக் கடையில் ஒரு பின்னே பல டாலர் விலை போகும் நிலையில், அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று யோசித்தாலே போதும். திருப்பிப் பாருங்கள். படத்துக்குள் சிறு மிக்கி தலை ஒளிந்திருக்கும் ‘ஹிட்டன் மிக்கி’ வகைப் பின்களின் முதுகில் சின்னச் சின்ன மிக்கி தலைகள் பதிந்திருக்கும். அசலில் அந்த வார்ப்பு ஓரம் வரை ஓடி, விளிம்பில் பாதித் தலையாக வெட்டுப்படும். போலியில் பெரும்பாலும் ஓரத்தைச் சுற்றி ஒரு வெற்று வரம்பு நிற்கும். குத்தும் ஊசிக்குப் பக்கத்தில், பின் சுழலாமல் பிடிக்கும் சிறு மொட்டுகள் உண்டு. அவை இல்லாமலோ இடம் தவறியோ இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்குப் பிறகு முன்பக்கம் வாருங்கள்: எனாமலில் பள்ளம், விரலில் நெருடும் விளிம்பு, வெளிறிய நிறம். ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய அசல் பின்கள் பலவற்றில் அந்த வார்ப்பே கிடையாது. போலிக்காரர்களும் தேறிக்கொண்டு வருகிறார்கள்.

ஊழியர் அசல், போலி என்று சோதித்துக்கொண்டிருக்க மாட்டார். அதனால் போலியைக் கொடுத்தாலும் மாற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அடுத்துக் கை நீட்டப்போவது ஒரு சின்னப் பிள்ளை. இதைச் சாமர்த்தியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பட்டியும் நாலு பின்னும் சேர்த்து விற்கும் தொடக்கச் செட் ஒன்றை அங்கேயே வாங்கி மாற்றினால் போதும்.

பின் ஊர் வந்து சேர்ந்த பிறகு இருக்கும் எதிரி உப்புக் காற்று. முலாம் பூசிய முகம் ஓரளவு தாங்கும். ஊசியும் அது ஒட்டிய இடமும் முதலில் போகும். காந்தம் வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் இரும்பு, துருப்பிடிக்கும். பித்தளை மூடி என்றால் பச்சைக் களிம்பு ஏறும். கார்க் பலகையில் குத்திச் சுவரில் மாட்டுவது ராமேஸ்வரம், மண்டபம் வீடுகளுக்கு ஆகாது. கார்க் ஈரத்தைப் பிடித்து ஊசியோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மெத்தென்ற பி.வி.சி. உறைகளும் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து உலோகத்தைக் கெடுக்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவே நல்லது. அடுக்குக்கு அடுக்கு பாலியெஸ்டர் துணி விரியுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் ஊசி அடுத்ததன் எனாமலைக் கீறும். சாப்பாட்டு டப்பா அளவுக்கு 20 கிராம் சிலிக்கா ஜெல், அதாவது ஈரத்தை உறிஞ்சும் மணிகள், போடலாம். ஆரஞ்சு நிற மணிகளாக வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத சட்டியில் சிறு தீயில் கிளறி உலர்த்தலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

துடைக்க போர் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்து நிலத்தடி நீரின் உவர்ப்பு தெரிந்ததே. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஊற வைக்காதீர்கள். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியைப் பின்னுக்குப் போட்டால் முலாமே போய்விடும்.

ஊசி ஒடிந்துவிட்டால் பத்தரிடம் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். சூட்டில் எனாமல் கெட்டுவிடும். தட்டையான அடியுள்ள புது ஊசியை எபாக்ஸி பசையால் ஒட்டலாம். ஆனால் காப்புரிமை முத்திரையின் மேல் ஒட்டிவிட்டால் அந்தப் பின்னை எந்தப் பூங்காவிலும் மாற்ற முடியாது.