"நீ யாருட்டி கணக்குக் கேக்க?"

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்தாச்சு. அதனால் நடந்ததை விரிவாக எழுதவில்லை. பக்கத்து ஊராட்சியில் கிராம சபை. தண்ணீர்த் தொட்டி மோட்டாரை ஒரே வருஷத்தில் மூன்று தடவை ரிப்பேர் பார்த்ததாகக் கணக்கில் இருக்கிறதே, பில் எங்கே என்று அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள். "நீ யாருட்டி கணக்குக் கேக்க?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர். கூடவே நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

அதைச் சொன்னவர் ஒருத்தர்தான். "சரியாத்தான கேட்டாரு" என்று கீழே எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே நிறைய. பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே வகுப்பில் குடிமையியல் படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அதுதான் மனசை அறுக்குது.

அவள் யார்? அந்த ஊராட்சியின் வாக்காளர். கணக்குக் கேட்க அது போதும். 1992-ல் நிறைவேறிய 73-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை என்று அது சொல்கிறது. 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதையேதான் சொல்கிறது. யாரும் பார்த்துச் சேர்த்துவிட வேண்டியதில்லை. தலைவர் கூட்டத்தை நடத்துகிறார், கூட்டம் அவருக்குச் சொந்தமில்லை. வரவு செலவை அங்கே வைத்துத்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். வைத்த கணக்கில் ஒரு வரியைக் காட்டி "இது என்ன" என்று கேட்பது உறுப்பினரின் வேலை. அவள் யாரிடமும் உதவி கேட்கவில்லை. கணக்குக் கேட்டாள்.

"வீட்டு வரி கட்டுதாளா? கட்டாதவளுக்கு என்ன பேச்சு?" என்று ஒருவர். வரி பாக்கி இருந்தால் வசூலிக்கத் தனியாக வழி இருக்கிறது. கிராம சபையில் பேச வரி ரசீது கேட்கும் சட்டம் கிடையாது. ஓட்டுப் போட அப்படி ஒரு சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. 1935-ம் வருஷத்து இந்திய அரசுச் சட்டப்படி நடந்த 1937 தேர்தலில் சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. வயல் வேலைக்குப் போன நம் ஆச்சிமார்களில் முக்கால்வாசிப் பேர் அதில் சேர்த்தி இல்லை. அரசியலமைப்பின் 326-வது பிரிவு வந்துதான் சொத்து, படிப்பு எதையும் பார்க்காமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனது. வரி ரசீதைக் கேட்கிறவர் நம்மைத் திரும்ப 1937 தேர்தலில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறார்.

இன்னொரு அண்ணாச்சி நன்றாகப் படித்தவர், மானூர் கல்வெட்டை எடுத்துப் போட்டிருந்தார். சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாலேயே, நம் மானூர் சபையில் எதற்கெடுத்தாலும் "கூடாது" என்று மறிப்பவர்களுக்கு ஐந்து காசு தண்டம் விதித்தார்கள், தெரியுமா என்று. தெரியும் அண்ணாச்சி. பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு அது. அதே கல்வெட்டின் மற்ற வரிகளையும் எழுதியிருக்கலாமே. ஊரில் பங்கு உடையவர்களாக இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், அவர்கள்தான் சபையில் உட்கார முடியும். அந்தப் பிள்ளை அன்றைக்கு அந்த வாசலையே மிதித்திருக்க முடியாது. நீங்களும் நானும்கூடத்தான். மானூரைப் பற்றி எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஒவ்வொரு தீர்மானத்தையும் வேண்டுமென்றே மறித்தவர்களுக்குப் போட்ட தண்டத்தை, ஒரே ஒரு பில் கேட்டவள் தலையில் வைக்காதீர்கள்.

வீடியோ எடுத்தது தப்பு என்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது பொதுக்கூட்டம்.

"பிடிக்கலைன்னா அடுத்த தேர்தலில் ஓட்டைக் காட்டட்டும்." நம் நெல்லை மாவட்டத்துக்காரர்கள் இதைச் சொல்லலாமா? 2016 அக்டோபரில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. நாம் ஊராட்சித் தலைவர்களுக்கு ஓட்டுப் போட்டது 2021 அக்டோபரில். நடுவில் ஐந்து வருஷம் தலைவருக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர்தான். தேர்தல் எப்போது வரும் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தோமே, மறந்துவிட்டதா? ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் விரலில் மை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள் என்று அரசியலமைப்பு யாருக்கும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் இதற்கென்றே வைத்திருக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆறு நாளிலும் கேட்கக்கூடாது என்றால் எப்போதுதான் கேட்பது?

அந்த ஆறு நாளும் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா? மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வர வேண்டும், பெரிய ஊராட்சி என்றால் 200, 300 பேர். எண்ணிக்கை காட்ட நூறு நாள் வேலைப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அப்படியும் குறைந்தால் கையெழுத்து வாங்குகிற வருகை நோட்டு வீடு வீடாக வரும்.

எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்தவள். வாசலில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "யக்கா, ஒரு கையெழுத்து." "என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க, போடுதேன்." "அதுக்கெல்லாம் நேரமில்லக்கா, எல்லாரும் போட்டாச்சு." அம்மா போடவில்லை. அப்புறம் எங்கள் வீட்டு முன்னால் தெருவிளக்கு அணைந்தது அணைந்ததுதான். சொல்லப் போன அப்பாவிடம், "உங்க வீட்டம்மாவுக்குத்தான் சட்டம் தெரியுமே, அவங்களையே வந்து மாட்டச் சொல்லுங்க" என்றார்கள். சாயந்தரம் பீடிக்கடைக்குப் போய்த் திரும்பும்போது அந்த இருட்டில்தான் அம்மா நடந்து வந்தாள். "கேட்டா என்ன ஆகிடப்போகுது, சும்மா விளம்பரத்துக்குக் கேக்கா" என்று எழுதியவர்களுக்கு, கேட்டால் என்ன ஆகும் என்பது தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும் விட என்னைக் கொதிக்க வைத்தது ஒரு சின்னக் கமெண்ட். "புள்ள எந்தத் தெரு?" அதற்கு முப்பது நாற்பது லைக். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் பில்லுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? 'சரியான' தெரு என்று பதில் வந்தால்தான் அவள் கேள்வி சரியாகுமா?

2011 ஜூனில் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை வெட்டினார்கள். அருந்ததியர் சமூகத்துப் பெண். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றதில் வளர்ந்த பகை. உடம்பெல்லாம் வெட்டுக்காயத்தோடு பிழைத்து வந்தார். மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த தலைவருக்கே அந்த நிலைமை என்றால், எந்தப் பதவியும் இல்லாமல் நூறு பேர் நடுவில் எழுந்து நின்ற பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! அவளுக்குத் துணையாக ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்று எழுந்திருக்கலாம். அந்த வீடியோ முழுக்கத் தேடிப் பார்த்தேன். யாரும் எழவில்லை.

ஊர் மானம் போகிறது என்று இன்பாக்ஸில் வந்து சொல்கிற உறவுக்காரர்களுக்கும் இதுதான் பதில். பதிவை எடுக்க மாட்டேன். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், நேரமிருக்கும்போது பதில் சொல்கிறேன். அவள் எந்தத் தெரு என்று கேட்டு வருகிற கமெண்டை மட்டும் பார்த்த உடனே நீக்கிவிடுவேன். எழுதுவது என் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சரி.